கண் மூடிய பாதி

பொலாஜி கேட்டை உதைத்துச் சாத்திவிட்டு இலோரினுக்குக் கார் ஏறிய இடத்தில் போன வாரம் கதையை விட்டோம். அந்தக் கேட்டின் தாழ்ப்பாள் இன்னும் சரியாக விழவில்லை. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து அம்மாவின் கீரைப் பாத்தியை ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அண்ணன் தம்பி சண்டையில் கீரைக்கும் சேதாரம்.

சண்டை எதற்கு என்று மறந்துபோனவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை அம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு படப் புத்தகம் போட வேண்டும் என்று மூத்தவன் நியி முடிவு செய்தான். குடும்பத்தில் யார் யார் போனில் என்னென்ன படம் இருக்கிறதோ அத்தனையையும் வாங்கித் தன் லேப்டாப்பில் கொட்டினான். கொட்டியவன் சும்மா இருந்தானா? தம்பி பொலாஜியைப் பிரிந்து வாழும் மனைவி எபுன் இருந்த படங்களை எல்லாம் தேடிப் பிடித்து நீக்கிவிட்டான்.

"ஒரு பட்டனை வெச்சுக்கிட்டு, யார் நம்ம குடும்பம், யார் இல்லைன்னு நீங்களே முடிவு பண்ணுவீங்களா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் பொலாஜி கேட்டை உதைத்தது.

இன்று மாலைக்குள் புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

தங்கை மொரெனிகே உள்ளே நுழைந்தபோது சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைக்க இடமில்லை. லேப்டாப், அதன் வயர், அதன் வயருக்கு இன்னொரு வயர், ஆறு பழைய போன்கள், திரை உடைந்த ஒரு டேப்லெட். நடுவில் நியி, பனியனோடு, தோளில் துண்டோடு. அவனுக்கு அம்மா கொண்டுவந்து வைத்த அகரா வடையும் ஓகிக் கஞ்சியும் நாற்காலி மேல் ஆறிக்கொண்டிருந்தன.

மொரெனிகே முழங்காலிட்டு அண்ணனுக்கு வணக்கம் சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்திரி, எந்திரி. இதைப் பாரு முதல்ல. டொராண்டோவுல இருக்கானே நம்ம மாமா பையன், அவன்கிட்ட அம்மா படம் இருந்தா அனுப்புடான்னேன். என்ன அனுப்பியிருக்கான் தெரியுமா? அவன் புது பிரிட்ஜ்."

"பிரிட்ஜா?"

"கதவைத் திறந்து வெச்சு ஒண்ணு, மூடி வெச்சு ஒண்ணு. அதுல அம்மா எங்கடான்னா, மூடின பிரிட்ஜ் மேல ஒரு சின்ன போட்டோ ஒட்டியிருக்காம். பெருசாக்கிப் பாருங்கங்கிறான்."

மொரெனிகே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு இந்த ஒரு பிள்ளையைத்தான் மேய்க்க முடியாது.

"சிரிக்காதே. சர்ச்சுப் பெண்கள் குழுவுல கேட்டேன். 'காலை வணக்கம், கர்த்தர் உன் எதிரிகளை வெட்கப்படுத்துவார்'னு ரோஜாப் பூ போட்டு நானூறு படம் வந்துச்சு. அதுல எந்த எதிரியைப் புத்தகத்துல போடறது நான்?"

"கோபப்படாதீங்க அண்ணே. பிளட் பிரஷர்."

"அது ஏற்கெனவே வந்தாச்சு."

அவன் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து பத்துப் பெயரில் வந்திருந்தது. ஒருத்தர் அனுப்பியது தெளிவு, ஒருத்தர் அனுப்பியது மங்கல், ஒருத்தர் அனுப்பியதில் தலை இல்லை. அவன் போல்டர்களுக்கு வைத்த பெயர்களைப் படித்தாலே மனுஷன் பட்ட பாடு தெரியும்: 'அம்மா 70', 'அம்மா 70 கடைசி', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி, தொடாதே'.

ஒரே மாதிரிப் படங்களைத் தானாகவே கண்டுபிடித்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லும் ஒரு புரோகிராமை யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை ஏவி விட்டான். அதற்கு நம் ஊர் விசேஷங்களைப் பற்றி என்ன தெரியும்? மொரெனிகேயின் கல்யாணத்தில் அத்தனை அத்தைமார்களும் ஒரே நீல லேஸ் துணியில், ஒரே மாதிரித் தலைத்துணி கட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். முப்பது அத்தைகளையும் சேர்த்து 'ஒரே நபர்' என்று அது சொல்லிவிட்டது.

"அதனால நானே ஒவ்வொண்ணா உக்காந்து பார்த்தேன்" என்றான் நியி. "கண் மூடியிருந்தா வெளியே. கை ஆடியிருந்தா வெளியே. ரெண்டு தடவை இருந்தா ஒண்ணு வெளியே. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன். இல்லேன்னா புதுசு எதையும் ஏத்த இடமில்லேங்குது இந்தச் சனியன்."

"முதல் பக்கம் ரெடியா? அம்மா அதை மட்டும்தான் கேட்டாங்க."

"ரெடி. அம்மா சின்ன வயசுப் படம். துடைச்சு, கீறல் எடுத்து, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு."

அந்த ஒரு பக்கம்தான் அம்மா கேட்டது. லேஸ் துணி எந்த நிறம், விருந்துக்கு எத்தனை மாடு அறுப்பது, எந்த வாத்தியக் குழு என்று எதிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. "முதல் பக்கத்துல நானும் தாயிவோவும் இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். அம்மாவின் பெயர் கெயிண்டே. இரட்டையில் இரண்டாவதாகப் பிறந்தவர்; நம் வழக்கில் பின்னால் வருகிறவர்தான் அக்கா. முதலில் வந்த தாயிவோ ஒன்பதாவது வயதில் அம்மையில் போய்விட்டாள். எழுபது தனக்கு மட்டும் நிறைவதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "எங்களுக்கு எழுபது" என்றுதான் சொல்வார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். இரண்டு கையிலும் இரண்டு தட்டு. செம்பனை எண்ணெயில் வெந்த காராமணி. இரட்டையருக்குப் பிடித்த சாப்பாடு. பிறந்தநாள் மாதம் முழுவதும் சனிக்கிழமைதோறும் அவர் இரண்டு தட்டு வைப்பார். ஒன்று தனக்கு, ஒன்று தாயிவோவுக்கு. தாயிவோவின் தட்டைத் தெருப் பிள்ளைகள் யாராவது வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

"எங்கே, முதல் பக்கத்தைக் காட்டு" என்றார். தட்டு வைக்க இடம் தேடி, இடம் கிடைக்காமல், தட்டுகளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நியி பெருமையோடு திரையைத் திருப்பினான்.

ஒன்பது வயதுப் பெண். சின்னப் பூப்போட்ட கவுன். கையில்லாத மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்து நம்மையே பார்த்தன. மோவாயில், உரல் மேல் விழுந்த தழும்பு. உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"தாயிவோ எங்கே?"

"அதான் நானும் கேக்கணும்னு இருந்தேன், அம்மா. சித்தி படம் வேற எங்கேயோ இருக்கு போல. எந்த போல்டர்லயும் இல்ல."

"இந்தப் படத்துலதானே இருந்தா. என் பக்கத்துல. இடது பக்கம்."

நியி முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எல்லாருடைய தப்பையும் திருத்திக்கொண்டிருப்பவனுக்கு வருமே, அந்தச் சிரிப்பு.

"அம்மா, அது சித்தி இல்ல. நான் பெருசாக்கிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் இருக்கறது நீங்களேதான். தழும்பு பாருங்க, ரெண்டுலயும் அதே இடம். உரல்ல விழுந்தது நீங்க ஒருத்தர்தானே? கவுன்ல அதே பொத்தான் அறுந்திருக்கு. ஸ்டுடியோக்காரன் உங்களையே ரெண்டு தடவை எடுத்து ஒரே தாள்ல ஒட்டியிருக்கான். நடுவுல கோடு கூடத் தெரிஞ்சுது. அதுல ஒண்ணுல கண்ணை வேற மூடியிருந்தீங்க. அந்தப் பாதியை வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா" என்றார் அம்மா.

"கண் மூடின படத்தை யார் புத்தகத்துல போடுவாங்க?"

"நியி. அது தாயிவோடா."

"அம்மா, அது நீங்கம்மா!"

"நான்தான். எனக்குத் தெரியாதா நான்தான்னு? உக்காந்தவளே நான்தானே."

அம்மா தட்டுகளை அந்த உடைந்த டேப்லெட்டின் மேலேயே வைத்தார். நியி தடுக்கவில்லை.

"அவ போனதும், வழக்கப்படி ஒரு மரப்பாவை செதுக்கி வீட்டுல வெக்கணும்னு எங்கம்மா அழுதாங்க. அதுக்குக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வெச்சுக்கணும்னு. எங்கப்பா சர்ச்சுல உபதேசியார். பாவை கூடாதுன்னுட்டார். இவங்க அழுகையும் நிக்கல. கடைசியில ஓஷோக்போவுல ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க எல்லா இரட்டைக்கும் அப்படித்தான் எடுப்பாங்க. வலது பக்கம் நாற்காலியில என்னை உக்கார வெச்சு ஒண்ணு எடுத்தாங்க. அப்புறம் எழுப்பி, இடது பக்கம் உக்கார வெச்சாங்க. 'இப்ப நீ தாயிவோ'ன்னார் எங்கப்பா."

வெளியே ஆடு மறுபடியும் கேட்டை முட்டியது.

"அவளை யார் எங்கே படம் எடுத்தாலும் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்குவா. சர்ச்சு குரூப் போட்டோவுல எல்லாம் அப்படித்தான் இருந்தா. எங்கம்மா திட்டுவாங்க. அதனால நான் அவளா உக்காந்தப்ப, கண்ணை மூடிக்கிட்டேன். யாரும் சொல்லித்தரல. அப்படித்தான் அவ இருப்பான்னு மூடிக்கிட்டேன்."

"அம்மா..." என்றான் நியி.

"நீ என்னை வெட்டியிருந்தாக்கூட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் வெட்டினதும் உங்களைத்தானே!" என்று கத்திவிட்டான் நியி. கத்தியது அம்மாவைப் பார்த்து இல்லை. அந்தப் புரோகிராமைப் பார்த்து, ஆறு போன்களைப் பார்த்து, டொராண்டோவின் பிரிட்ஜைப் பார்த்து. "எனக்கு யார் சொன்னா? எழுபது வருஷமா இந்த வீட்டுல ஒருத்தராவது வாயைத் திறந்து இதைச் சொன்னீங்களா?"

"நீ யாரையாவது கேட்டியா?" என்றாள் மொரெனிகே. அன்றைக்கு அவள் அண்ணனுக்கு மரியாதை குறைத்துப் பேசியது அது ஒன்றுதான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நியி லேப்டாப்புக்குள் பாய்ந்தான். குப்பைத் தொட்டி காலி. 'கடைசியோ கடைசி'யில் பாதிப் படம். 'இதுதான் கடைசி, தொடாதே'யிலும் அதே பாதிப் படம். வெட்டியதை அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்திருந்தான். அந்தப் படம் இருந்த ஒரே போன் அம்மாவுடையது; படங்களை ஏற்றியதும் அதையும் அவன் துடைத்துவிட்டிருந்தான். ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்ற அவன் சட்டம் அவனையே பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேட்டரி குறைவு என்று திரை சிவப்பாகக் கண்ணடித்தது. நியி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"பேப்பர் போட்டோ இருக்குமே, அம்மா?" என்றாள் மொரெனிகே. "உங்க பைபிளுக்குள்ள வெச்சிருந்தீங்களே."

"கூரை ஒழுகின வருஷம் போச்சு. தாளோட தாள் ஒட்டிக்கிச்சு. அது போறதுக்கு முந்தியே பொலாஜிதான் எடுத்துட்டுப் போய் கம்ப்யூட்டர்ல ஏத்தினான்."

நியி துண்டை விலக்கினான். அவன் கண்ணில் ஒரு யோசனை தெரிந்தது. மனுஷன் மாட்டிக்கொண்டால் வரும் யோசனைகளிலேயே மோசமானது அது.

"ஒண்ணு பண்ணலாம். இருக்கிற பாதியை இன்னொண்ணு காப்பி எடுத்துப் பக்கத்துல ஒட்டிடறேன். அஞ்சு நிமிஷ வேலை. கண்ணைக்கூட மூடின மாதிரிப் பண்ணலாம், அதுக்கும் புரோகிராம் இருக்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதுவும் நீங்கதானே?"

அம்மா அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அம்மா உள்ளவர்களுக்கு அது தெரியும்.

"கண்ணை மூடினது நான், நியி. ஒன்பது வயசுல, அவ போய் மாசம் ஆகலை, அவளா உக்காந்து மூடினேன். அதை உன் புரோகிராம் மூடுமா?"

நியி எழுந்தான். நாற்காலிக்கும் மேஜைக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில், அந்தத் தொந்தியோடு, வயரெல்லாம் காலில் சுற்ற, அம்மாவின் முன்னால் குப்புற விழுந்து நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தான். நெற்றி தரையில் பட்டது. ஐம்பதை நெருங்கும் ஆள். வங்கி மேலாளர். ஒரு போன் அவன் முதுகில் விழுந்தது.

அம்மா அவனைத் தொட்டு எழுப்புவார் என்று மொரெனிகே காத்திருந்தாள். எழுப்பவில்லை.

"அச்சகத்துக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிடு" என்றார் அம்மா. "மாட்டுக்காரனுக்கும் சொல்லிடு. வாத்தியக்காரங்களுக்கும். நான் மட்டும் தனியா உக்காந்து எழுபது கொண்டாட மாட்டேன்."

"அம்மா, விழாவுக்குக் கட்ட நானூறு பேருக்கு ஒரே மாதிரித் துணி குடுத்தாச்சு! எல்லாரும் தைச்சாச்சு!"

"கட்டிக்கிட்டு அவங்கவங்க வீட்டுல உக்காரட்டும்."

தரையில் படுத்தபடியே நியி தங்கையைப் பார்த்தான். மொரெனிகே அவன் முதுகிலிருந்த போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பொலாஜிக்குப் போடுங்க" என்றாள். "ஸ்கேன் பண்ணினது அவன்தானே. அவன் டிஸ்க்ல இருக்கும்."

"நானா?"

"பின்ன யாரு? நானா அழிச்சேன்?"

இந்த ஒரு வாரத்தில் பொலாஜி அனுப்பிய செய்தி எதற்கும் நியி பதில் போட்டதில்லை. இப்போது தரையில் உட்கார்ந்து, கால் நீட்டி, தம்பியின் பெயரைத் தேடினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மொரெனிகே கை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சொல்லுங்க, அண்ணே."

குரலில் மரியாதை ஒரு சொட்டுக் குறையவில்லை. அதுதான் நியியைக் குத்தியது.

"பொலாஜி. நல்லா இருக்கியா? பிள்ளைங்க?"

"எல்லாரும் நலம். இப்ப யாரை அழிச்சீங்க?"

நியி கண்ணை மூடித் திறந்தான். பொய் சொல்ல ஒரு நிமிஷம் தேடினான். அம்மா நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"தாயிவோ சித்தியை" என்றான்.

மறுமுனையில் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம்.

"ஓஷோக்போ படமா?"

"ஆமா."

"கண் மூடியிருக்குமே, அந்தப் பாதியா?"

நியி தலையை நிமிர்த்தினான். "உனக்குத் தெரியுமா அது?"

"அம்மா சொல்லியிருக்காங்க. ஸ்கேன் பண்ணக் குடுத்தப்ப. பத்திரம்டான்னாங்க, ஏன்மா இவ்வளவு பயம்னு கேட்டேன். சொன்னாங்க."

கேட்டானாம். அவ்வளவுதான். நியி துண்டின் நுனியைத் திருகினான்.

"அந்த டிஸ்கை எடுத்துட்டு வா, பொலாஜி. இப்பவே கிளம்பு. நான் வேணும்னா பாதி வழி வர்றேன், ஒக்போமோஷோவுல நில்லு, நானே வந்து வாங்கிக்கறேன். நான் அன்னிக்குப் பண்ணினது... அதையும் நேர்ல பேசிக்கலாம்."

"பேசலாம், அண்ணே. ஆனா டிஸ்க் என்கிட்ட இல்ல."

"என்னடா சொல்றே?"

"அந்த வீட்டை விட்டு நான் வெளியே வந்தப்ப ஒரே ஒரு பெட்டிதான் எடுத்துட்டு வந்தேன். டிஸ்க் அங்கேயே அலமாரியில இருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று மொரெனிகேக்குச் சொல்லத் தெரியவில்லை. "எபுன்கிட்ட இருக்கு. நீங்க தேடித் தேடி அழிச்சீங்களே, அவகிட்ட."

நியி போனைத் தரையில் வைத்தான்.

எபுன் இருப்பது அப்பாட்டாவில். இதே ஊர்தான். சந்தை நாளாக இல்லாவிட்டால் அரை மணி. ஆனால் சர்ச்சு வாசலில் அவள் முழங்காலிட்டு வணக்கம் சொன்னபோது நியி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வருஷம் இரண்டு ஆகிறது.

"அவ நம்பர் என்கிட்ட இல்ல" என்றான் மெதுவாக. "போன்லேர்ந்து எடுத்துட்டேன்."

"அதையுமா!" என்றாள் மொரெனிகே.

"என்கிட்ட இருக்கு" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமைதோறும் பேசறாளே."

இருவரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா உள்ளே போய், வெளியே போகும்போது கட்டும் நீலத் தலைத்துணியோடு வந்தார். சுவர்க் கண்ணாடியின் முன் நின்று இரண்டு சுற்று சுற்றி இறுக்கினார். பிறகு தாயிவோவின் தட்டை எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, துணியில் முடிந்தார்.

"கார் சாவியை எடு."

"அம்மா, மொரெனிகே வரட்டுமே. நான் எப்படி வர்றது? அவ முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

அம்மா முடிச்சை இழுத்துப் பார்த்தார். விழாது என்று உறுதியானதும் தட்டைக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு வா" என்றார்.